ஒழுகுகிற பைப்புக்குப் புதுப் பைப் வேண்டுமா?

கேள்வி: குசினிப் பைப்பை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் சொட்டுகிறது. வந்து பார்த்த பாஸ் (பைப் வேலை செய்பவர்) பைப்பையே மாற்றச் சொல்கிறார். கடையில் மலிவானதும் உண்டு, விலை கூடியதும் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒரே பளபளப்பு. நானே மாற்றலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் அவசரப்பட்டுப் புதுப் பைப் வாங்காதீர்கள், அக்கா. பல சுற்றுச் சுற்றித் திறக்கிற பழைய மாதிரி என்றால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். ஒரே திருப்பில் திறப்பது என்றால் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடுவது செராமிக் காட்ரிஜ் என்ற உருளைத் துண்டு. அதை முழுதாக மாற்ற வேண்டும். அதன் தலையிலுள்ள பற்களின் எண்ணிக்கை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். வாயால் கேட்டு வாங்கினால் கைபிடி உட்காராமல் போகலாம். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

கழற்றுமுன் தாங்கியின் வால்வைப் பூட்டி, பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை விடுங்கள். சிங்க் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். கைபிடியின் குட்டி ஸ்க்ரூ அதற்குள் விழுந்தால் வேலை இரட்டிப்பு.

பைப்பே அரித்துப்போயிருந்தால் சரி, புதிது வாங்கத்தான் வேண்டும். பளபளப்பை விடுங்கள், சுவரில் திருகுகிற மரையின், அதாவது திரட்டின், உட்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாக, கையில் கனமாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக, லேசாக இருந்தால் பெரும்பாலும் நாக (துத்தநாக) உலோகக் கலவைக்குக் குரோம் பூசியது. உங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்கு அது சீக்கிரம் கொப்பளித்து உரியும். சிலர் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். அது இரண்டிலுமே ஒட்டாது, வீண் வேலை. வளவுப் பைப்புக்கு நல்ல பிளாஸ்டிக்கே போதும்.

திரட் டேப்பை, திரட் உங்களைப் பார்த்திருக்க, வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். சுவரில் இருப்பது பிவிசி சொக்கட் என்றால் கையால் இறுக்கி, ஸ்பனரால் மெல்ல ஒரு பிடி மட்டும். மேலும் பலம் காட்டினால் சொக்கட் வெடித்துவிடும். அப்புறம் சுவரை உடைக்க அதே பாஸைத்தான் கூப்பிட வேண்டும்.

கடைக்காரர் உத்தரவாதம் சொன்னால் அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம்.

கேள்வி: ஒழுக்கு எதுவும் கண்ணில் படவில்லை, தண்ணீர் பில் மட்டும் கூடுகிறது?
– வாசகர், உவர்மலை

பதில்: தாங்கி நிரம்பியதும் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் மீட்டருக்கும் தாங்கிக்கும் இடையில் ஒழுக்கு, அல்லது தாங்கியின் மிதவை சரியாக மூடவில்லை. சுற்றாவிட்டால் கழிவறைத் தொட்டியைச் சந்தேகப்படுங்கள்: அதில் துணி நீலம் கொஞ்சம் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரையும் தண்ணீர் இழுக்கவிடாதீர்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கினால் உள் ரப்பரை மாற்றுங்கள். மீட்டருக்கு முன்னால், வீதிப்பக்கம் கசிந்தால் கை வைக்காதீர்கள். அது நீர் வழங்கல் சபையின் வேலை, 1939க்குச் சொல்லுங்கள்.