மொத்தக் கால்சியம் 7.6: அயனிக் கால்சியம் பார்க்க வேண்டுமா?

கேள்வி: கல்லீரல் சிரோசிஸுக்குச் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) சிகிச்சை பெறும் என் தாயாருக்கு (வயது 62) ரத்தத்தில் கால்சியம் 7.6, அல்புமின் 2.2 என்று வந்துள்ளது. கால்சியம் மாத்திரை தொடங்கலாமா? அயனிக் கால்சியம் என்ற பரிசோதனையும் தேவையா?

பதில்: மாத்திரையைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம், அந்த 7.6 எதையெல்லாம் சேர்த்து எண்ணிய அளவு என்பதை முதலில் பார்ப்போம். ரத்தத்திலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதத்தோடு, பெரும்பாலும் அல்புமினோடு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. 10 சதவீதம் பாஸ்பேட், சிட்ரேட் போன்றவற்றோடு சேர்ந்திருக்கிறது. எஞ்சிய பாதிதான் எதனோடும் ஒட்டாத அயனிக் கால்சியம். தசைக்கும் நரம்புக்கும் பயன்படுவதும், ரத்தக் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பி கண்காணிப்பதும் இந்தப் பாதியையே. வழக்கமான பரிசோதனையோ மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. நலிந்த கல்லீரல் அல்புமினைக் குறைவாக உற்பத்தி செய்யும்போது, அதோடு ஒட்டியிருந்த பங்கு குறைந்து மொத்த எண் இறங்கிவிடும். அயனிக் கால்சியம் சற்றும் குறையாமலே இருக்கக்கூடும்.

அல்புமின் (டெசிலிட்டருக்கு) 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் மொத்தக் கால்சிய எண்ணோடு 0.8 கூட்டிக்கொள்வது மருத்துவர்களின் வழக்கம். தங்கள் தாயாருக்குக் குறைவு 1.8, எனவே 1.44 கூட்ட, 9.04 வருகிறது. இயல்பான அளவு சுமார் 8.5 முதல் 10.5 வரை என்பதால் இது ஆறுதலான எண்தான். ஆயினும் இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. சிறுநீரகச் செயலிழப்பிலும் தீவிர சிகிச்சையில் இருப்பவர்களிடமும் இது அடிக்கடி தவறிவிடுகிறது. மூச்சு வேகமாக வாங்கும்போது கரியமில வாயு வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால், அல்புமின் கூடுதல் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும், அயனிக் கால்சியம் குறையும். மொத்த எண் அசையாமல் இருக்கும்போதே விரல்கள் இழுத்துக்கொள்ளும். ஏற்றப்படும் ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டும் அயனிக் கால்சியத்தைக் கட்டிப்போடும். சிட்ரேட்டைச் சிதைப்பதில் கல்லீரலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், தாயாருக்கு எப்போதேனும் அதிக அளவில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் அயனிக் கால்சியத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பது மிகவும் அவசியம்.

ஆகவே ஒருமுறை அயனிக் கால்சியம் பார்த்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் ரத்தம் எடுக்கும் விதம் சரியாக இல்லாவிட்டால் இந்தப் பரிசோதனை ஏமாற்றிவிடும். கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கி, விரல்களை மூடித் திறக்கச் சொன்னால் அமிலம் கூடி எண் ஏறும். மாதிரி காற்றுப்படத் திறந்திருந்தால் கரியமில வாயு வெளியேறி எண் இறங்கும். கால்சியத்துக்கென அளவு சமன்செய்த ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சிரிஞ்சில், காற்றுக்குமிழி இன்றி எடுத்து, தாமதிக்காமல் ரத்த வாயுக் கருவியில் வைக்கும் ஆய்வகத்தையே நாடுங்கள். முடிவு 1.2 என்று வந்தால் பதற வேண்டாம். முன்பு வந்த 7.6 மில்லிகிராம் கணக்கு, இது மில்லிமோல் கணக்கு, இதில் இயல்பு சுமார் 1.15 முதல் 1.30 வரை.

கூடவே மக்னீசியம், வைட்டமின் டி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சிரோசிஸில் இவை குறைவது சாதாரணம், மக்னீசியம் மிகவும் குறைந்திருந்தால் கால்சியம் கொடுத்தும் ஏறாது. உதட்டைச் சுற்றி மரமரப்பு, கை விரல்கள் இழுத்துக்கொள்ளுதல், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.