தொட்டியில் ஊறும் பாத்திரம் யாருடையது?

பொதுச் சமையலறையைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்திற்கான பதில் நீண்டுவிட்டது. இதே குறையை வேறு வார்த்தைகளில் எழுதியிருந்த பலருக்கும் அது பயன்படும் என்பதால் சுருக்கவில்லை.

கேள்வி: நாங்கள் நான்கு பெண்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறோம். நால்வரும் வேலைக்குச் செல்பவர்கள். சமைத்த பாத்திரத்திலும் சாப்பிட்ட தட்டிலும் தண்ணீரை ஊற்றித் தொட்டியில் போட்டுவிட்டு, "ஊறட்டும், பிறகு கழுவிக்கொள்கிறேன்" என்று ஒரு தோழி சொல்வாள். அந்தப் "பிறகு" இரண்டு நாளானாலும் வருவதில்லை. தொட்டி நிறைந்திருந்தால் எனக்குச் சமைக்கவே மனம் வராது. ஆகவே பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் நானே கழுவிவிடுகிறேன். யார் எந்த நாளில் கழுவுவது என்று ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அது இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நட்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தாலோ உள்ளுக்குள் வெறுப்பு வளர்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் "கழுவுவது" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சொல்லுக்கு உங்கள் வீட்டில் என்ன பொருள் என்று நால்வரும் ஒருமுறையேனும் பேசியிருக்கிறீர்களா? எச்சிலை வழித்துக் கொட்டுவது, ஊறவைப்பது, தேய்ப்பது, அலசுவது, கவிழ்த்து வைப்பது, காய்ந்ததை எடுத்து அடுக்குவது, கடைசியில் தொட்டியையும் மேடையையும் துடைப்பது என்று அது ஏழு வேலைகள் கொண்ட ஒரு தொடர். உங்கள் தோழியைப் பொறுத்தவரை தண்ணீர் ஊற்றியதுமே வேலை தொடங்கிவிட்டது, ஆகவே அவர் மனம் அமைதியாக இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை தொட்டி காலியாகிப் பளிச்சென்று தெரியும்வரை வேலை முடியவில்லை. ஒரே வீட்டில் இருவர் இருவேறு முடிவுக்கோடுகளை மனதில் வைத்துக்கொண்டு வாழும்போது, ஒருவருக்கு மற்றவர் சோம்பேறியாகவும் மற்றவருக்கு இவர் நச்சரிப்பவராகவும் தெரிவது இயல்பு.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அழுக்கைக் கண்டு பொறுத்துக்கொள்ளும் அளவு ஆளுக்கு ஆள் மாறுபடும். மூன்று தட்டு சேர்ந்தாலே உங்களுக்குக் கை பரபரக்கும். அவருக்குப் பத்து சேர்ந்தாலும் கண்ணில் படாது. மூன்றாவது தட்டிலேயே நீங்கள் எழுந்து கழுவிவிடுவதால் அவர் தன் பத்தாவது தட்டைப் பார்க்கும் வாய்ப்பே வருவதில்லை. சில மாதங்களில், யாரும் தீர்மானிக்காமலேயே, பாத்திரம் உங்கள் வேலையாகிவிடுகிறது. நீங்கள் ஏமாந்தீர்கள் என்றோ அவர் ஏமாற்றினார் என்றோ இதற்குப் பொருளில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இளமையில் மூன்று பேருடன் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டு இரண்டு ஆண்டுகள் இருந்தேன். பாத்திரம் முழுவதையும் நானே கழுவுகிறேன் என்ற மனத்தாங்கல் எனக்கு இருந்தது. அதிலும் ஒருவர்மீது தனிக் கோபம். ஓர் இரவு தூக்கம் வராமல் தண்ணீர் குடிக்கப் போனபோது, அவர் அடுப்பின் வளையத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, பொங்கி வழிந்து கருகிப்போயிருந்த பாலை ஒரு பழைய கரண்டியின் காம்பால் சிறிது சிறிதாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாசல் பக்கத்தில் குப்பைப் பை முடிச்சுப் போட்டுத் தயாராக இருந்தது. அத்தனை நாளும் காலையில் நான் எழும்போது அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

1979ஆம் ஆண்டில் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்ன பங்கையும் கூட்டியபோது பெரும்பாலும் முழுமைக்கும் மேலே போயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்த வேலை நமக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது. அடுத்தவர் செய்தபோது நாம் அங்கே இருந்திருக்க மாட்டோம். எனவே தோழியிடம் பேசுவதற்கு முன்னால், குப்பை கொட்டுவது, வாடகையை வசூலித்துக் கட்டுவது, பழுது பார்க்க ஆளை அழைப்பது ஆகியவற்றை யார் செய்கிறார்கள் என்று ஒரு வாரம் உற்றுப் பாருங்கள். பார்த்த பிறகும் உங்கள் பக்கமே நியாயம் இருக்கலாம். அப்போது இன்னும் தெளிவாகப் பேச முடியும்.

இனி அட்டவணைக்கு வருவோம். அது தோற்றதற்கு உங்கள் தோழிகளின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் எப்படிக் கூடிப் பராமரிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து, 2009இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர்கள் அந்த விதியை உருவாக்குவதிலும் பங்குபெறும் இடங்களில்தான் அது நிலைக்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். நீங்கள் தனியாக எழுதித் தனியாக ஒட்டினீர்கள். அவர்கள் அதைச் சுவரில் வந்து அமர்ந்த ஓர் ஆணையாகவே பார்த்திருப்பார்கள். தவிரவும், நாளுக்கு ஒருவர் என்ற முறையில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது: ஒருத்தி ஐந்து விருந்தாளிகளை அழைத்துச் சமைக்கும் நாள் இன்னொருத்தியின் முறையாக இருந்தால், அவள் ஏன் அத்தனை பாத்திரத்தையும் தேய்க்க வேண்டும்?

முறை வைப்பதைவிட, அவரவர் சாப்பிட்ட தட்டையும் குவளையையும் எழுந்தவுடன் அவரவர் கழுவுவதும், சேர்ந்து சாப்பிட்ட நாளில் சமைத்தவரைத் தவிர மற்றவர்கள் பொதுப் பாத்திரங்களைப் பகிர்ந்துகொள்வதும் நீடித்து நிற்கும் என்பது என் கருத்து. ஊறப்போடுவதற்கும் ஒரு கெடு வையுங்கள். காய்ந்த மாவுப்பொருளோ அடிப்பிடித்த பருக்கையோ இளகுவதற்கு வெதுவெதுப்பான சோப்பு நீரில் பெரும்பாலும் அரைமணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறுவதால் கறைக்கு நன்மை அதிகமில்லை, கிருமிக்குத்தான் நன்மை: உணவும் ஈரமும் ஏற்ற வெப்பமும் அமைந்தால் சிலவகைப் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகம் தடைபடாமல் போனால் ஒன்றிலிருந்து தொடங்கி 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பது எளிய கணக்கு. இரவு ஊறிய பாத்திரம் காலையில் நாறுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு வழியையும் முயன்று பாருங்கள். நான் கண்டவரை இதற்கு இணையாகப் பலன் தந்தது வேறில்லை. பாத்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு குவளை, ஒரு கரண்டி மட்டும் வெளியே இருக்கட்டும்; மீதியைப் பெட்டியில் கட்டி மேலே ஏற்றிவிடுங்கள். இருபது தட்டு இருக்கும் வீட்டில் இருபது தட்டும் அழுக்காகும்வரை ஒருவர் கழுவாமல் காலம் தள்ளலாம். ஒரே தட்டு இருந்தால் அடுத்த வேளை பசிக்கும்போது அதைக் கழுவியே ஆக வேண்டும். நீங்கள் வாய் திறக்கத் தேவையிராது.

பேச்சைத் தொட்டி நிறைந்திருக்கும்போது தொடங்காதீர்கள். அது காலியாக இருக்கும் ஓய்வுநாளில், நால்வரும் உட்கார்ந்திருக்கும்போது, "தொட்டி நிறைந்திருந்தால் எனக்குச் சமைக்க முடிவதில்லை, அதனால் கோபம் வருகிறது, அந்தக் கோபம் எனக்கே பிடிக்கவில்லை; எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களும் சொல்லுங்கள்" என்று உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். "நீ எப்போதும்" என்று தொடங்கும் வாக்கியம் வேண்டாம். பேசி முடிவான பிறகு, வெறுமனே மனம் பொறாமல் அடுத்தவர் பாத்திரத்தைக் கழுவும் பழக்கத்தை நீங்கள் விட்டாக வேண்டும். அவர் பாத்திரங்களை ஒரு வாளியில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உங்கள் சமையலைச் செய்யுங்கள். முதல் வாரம் கடினமாக இருக்கும் என்பதை அறிவேன். நட்பு கெடுமே என்று பயப்படுகிறீர்கள். பேசாமல் சேர்த்துவைத்த வெறுப்பு ஒருநாள் வெடித்து நட்பைக் கெடுத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே ஸ்பாஞ்ச். தட்டு, அடுப்பு மேடை, தொட்டி எல்லாவற்றையும் அதனால்தான் தேய்க்கிறோம். அவ்வப்போது கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: போதாது. 2017இல் ஜெர்மனியில், வீடுகளில் பயன்படுத்தப்பட்ட 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தபோது, சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,400 கோடி வரை பாக்டீரியாக்கள் இருந்தன. முறையாகச் சுத்தம் செய்து வந்ததாக உரிமையாளர்கள் சொன்ன ஸ்பாஞ்சுகளிலும் மொத்த எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை உடல்நலமுள்ளவருக்குத் தீங்கு செய்யாதவை, ஆகவே அஞ்ச வேண்டாம்; ஆயினும் வாரம் ஒருமுறை புதியதை எடுத்துக்கொள்வது நல்லது என்பதே அந்த ஆய்வாளர்களின் பரிந்துரை. பாத்திரத்திற்கு ஒரு நிறம், மேடைக்கும் தொட்டிக்கும் வேறு நிறம் என்று பிரித்துவிடுங்கள். பச்சை இறைச்சியின் நீர் சிந்தினால் ஸ்பாஞ்சால் தொடாமல் காகிதத்தால் ஒற்றியெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு சோப்பு நீரால் துடையுங்கள். வேலை முடிந்ததும் ஸ்பாஞ்சைப் பிழிந்து நிமிர்த்தி வைக்க வேண்டும். தொட்டியின் அடியில் சோப்பு நீரில் மூழ்கிக் கிடப்பதுதான் ஐந்து பேர் வீட்டில் அதற்கு நேரும் கதி. நாரிழைத் தூரிகை விரைவில் உலர்ந்துவிடும் என்பதால் எனக்கு அதுவே விருப்பம்.

கேள்வி: முட்டை ஒட்டிய தட்டை நான் வெந்நீரில் போடுகிறேன், உடன் தங்கியிருக்கும் அண்ணன் பச்சைத் தண்ணீர்தான் சரி என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இந்த ஒன்றில் அவர் சொல்வது சரி. முட்டையிலும் பாலிலும் இருக்கும் புரதம் சூடு பட்டால் இறுகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்; முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டுப் பிறகு தேய்ப்பதே நல்லது. எண்ணெய்ப் பிசுக்குக்கு உங்கள் வெந்நீர் உதவும். சூட்டில் கொழுப்பு இளகும்போது, ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்ளும் சோப்பு மூலக்கூறுகள் அதைச் சிறு துளிகளாகச் சூழ்ந்து நீரோடு கொண்டுபோய்விடுகின்றன. எண்ணெய் அதிகம் இருந்தால் முதலில் காகிதத்தால் துடைத்தெடுங்கள். குழாயில் இறங்கும் கொழுப்பு உறைந்து அடைத்துக்கொண்டால் அந்தச் செலவை இருவரும்தான் பகிர வேண்டியிருக்கும். கண்ணாடிக் குவளைகளை முதலிலும் பிசுக்குப் பாத்திரங்களைக் கடைசியிலும் கழுவுங்கள். கத்தியை மட்டும் நுரை நிறைந்த தொட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். அடுத்துத் தொட்டிக்குள் கையை விடுபவருக்கு அது அங்கே இருப்பது தெரியாது.

கேள்வி: என் நான்ஸ்டிக் வாணலியை அறைத்தோழர் என்னைக் கேட்காமல் எடுத்து, கம்பி நாரால் தேய்த்துக் கீறிவிட்டார். உதவி செய்ததாகவே நினைக்கிறார். இழப்பீடு கேட்பது சரியாக இருக்குமா?

பதில்: கேட்கலாம். ஆனால் வாணலி எத்தனை காலம் உழைத்தது என்பதைக் கணக்கில் எடுத்து, மீதமிருந்த மதிப்பையே கேளுங்கள். அந்தப் பூச்சு, 1938இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டறிந்த, எதனோடும் ஒட்டாத ஒரு பொருள். எதுவும் ஒட்டாது என்பதுதான் அதன் பலம். ஆனால் இரும்புக் கம்பி அதைச் சுரண்டிவிடும், மென்மையான ஸ்பாஞ்சே போதும். இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பொது அலமாரியில் எதுவும் சொல்லாமல் வைத்த பொருளை மற்றவர்கள் பொதுவாகவே கொள்வார்கள். இரும்புச் சட்டியை நீரில் ஊறவைத்தால் துருவேறும், மரப்பலகையை ஊறவைத்தால் வெடிக்கும் என்பவையும் பலருக்குத் தெரியாது. நீங்கள் இழக்க விரும்பாத பாத்திரம் எதுவோ அதை உங்கள் தனி அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். மற்றவற்றை எப்படித் தேய்க்க வேண்டும் என்பதை, அடுத்த முறை அவர் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக் காட்டிவிட்டு வாருங்கள்.