சி.டி.யில் ‘நார்மல்’, எம்.ஆர்.ஐ.யில் பக்கவாதம்: எது சரி?

கேள்வி: அப்பாவுக்குத் திடீரென்று வாய் குழறி, வலது கையைத் தூக்க முடியாமல் போனது. உடனே சி.டி. ஸ்கேன் எடுத்து ‘நார்மல்’ என்றார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் மூளை ரத்தக்குழாய் அடைப்பால் பாதிப்பு என்று வந்தது. முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கலாமே? கதிர்வீச்சு வேறு வீணாக ஏறிவிட்டதே?

பதில்: இரண்டு ஸ்கேனும் சரிதான். அந்த நேரத்தில் மருத்துவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா, இல்லையா?

பக்கவாதம் ரத்தக்குழாய் அடைத்தும் வரும், வெடித்தும் வரும். வெளியில் தெரியும் அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கசிவு இருக்கும்போது அதே மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

கசிவைக் கண்டுபிடிப்பதில் சி.டி. கெட்டிக்காரக் கருவி. ஒவ்வொரு திசுவும் எக்ஸ்-கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை அது எண்ணாக அளக்கிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மூளைத் திசு ஏறக்குறைய 30 முதல் 40 வரை. புதிதாகக் கசிந்த ரத்தம் 60-ஐத் தாண்டும். அதனால் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் பாதிக்கப்பட்ட பகுதியின் எண் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அந்த ‘நார்மல்’ என்பதை ‘கசிவு இல்லை’ என்றுதான் படிக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது வேறொன்றை. உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைக் காந்தப்புலத்தில் பிடிக்கிறது. ரத்தம் கிடைக்காத செல்கள் வீங்கும்போது நீர் மூலக்கூறுகளின் நகர்வு தடைப்படும். அதையும் அது காட்டிக்கொடுத்துவிடும். பக்கவாதத்தை இப்படிச் சீக்கிரமே பிடிக்கலாம் என்று 1990-இல் மைக்கேல் மோஸ்லி என்ற ஆய்வாளரின் குழு காட்டியது, பூனைகளை வைத்து! சில மருத்துவமனைகள் முதலிலேயே வேகமான எம்.ஆர்.ஐ. எடுப்பதும் உண்டு. ஆனால் வழக்கமான எம்.ஆர்.ஐ.க்குப் பல நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேஸ்மேக்கர், உலோக கிளிப் எதுவும் உடலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்கவும் வேண்டும். வாய் குழறும் நோயாளியிடம் அது எளிதல்ல.

சி.டி.யைப் பழைய கருவி என்று ஒதுக்குவதற்கு முன்னால், அது வருவதற்கு முந்தைய நிலையையும் கொஞ்சம் பாருங்கள். 1895-இல் ரான்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த பிறகும் மூளை மண்டையோட்டுக்குள் மறைந்தேதான் இருந்தது. 1919-இல் வால்டர் டேன்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு வழி சொன்னார். முதுகுத் தண்டுவட நீரை எடுத்துவிட்டு அங்கே காற்றை ஏற்றிப் படம் பிடிப்பது. நோயாளிக்குக் கடும் தலைவலியும் வாந்தியும் வரும். அப்போதும் மூளையின் உள்ளறைகளின் வடிவம்தான் தெரியும். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தபோதுதான் அந்த வேதனைக்கு முடிவு தெரிந்தது. 1979-இல் அவரும், சி.டி.க்கான கணக்கு வழியைத் தனியாக வகுத்த ஆலன் கார்மக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, கதிர்வீச்சு? தலை சி.டி. ஒன்றுக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் இயற்கையாகவே நம்மேல் படுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அப்பாவின் வயதில், அந்த அவசரத்தில், இது கவலைப்பட வேண்டிய அளவே இல்லை. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப எடுத்தால் கேள்வி கேளுங்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராகக் கேளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டியது, அடைப்பு எங்கிருந்து வந்தது என்பதைத்தான். கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர், இதயத்துக்கு எக்கோ (இரண்டும் ஒலி அலையால் பார்ப்பவை), துடிப்பு சீராக இருக்கிறதா என்று அறிய இ.சி.ஜி. மூன்றிலும் எக்ஸ்-கதிர் கிடையாது. இவற்றைச் செய்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். அப்புறம், இரண்டு ஸ்கேன்களின் படங்களையும் குறுந்தட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. மறுபடி இதே அறிகுறி வந்தால் ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். கரைக்கும் மருந்துக்கான நேரத்தை அங்கிருந்துதான் கணக்கிடுவார்கள்.