12 வயசில பிள்ளை தானே முடிவெடுக்கலாமோ?

தங்கச்சி, நீங்கள் கேட்டது முக்கியமான கேள்வி. நீங்கள் மகனோட ஒன்ராறியோ மாகாணத்தில ஸ்காபரோவில, தகப்பன் அல்பேட்டா மாகாணத்தில கல்கரியில, டிவோர்ஸ் முடிஞ்சுது. மகனுக்கு 11. "12 ஆனா ஆரோட இருக்கிறதெண்டு அவனே கோர்ட்டில சொல்லலாமாம், உண்மையோ?" எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

உண்மையில்லை. கோயில் மண்டபத்தில சாப்பாட்டு வரிசையில நிக்கிற சனம் சொல்ற சட்டம் அது. கனடா விவாகரத்துச் சட்டத்தில 12 எண்டும் இல்லை, 14 எண்டும் இல்லை. 2021 மார்ச் 1இல வந்த திருத்தத்தின்படி, பிள்ளையின்ர நலனைத் தீர்மானிக்கப் பார்க்கிற பல விசயங்களில பிள்ளையின்ர விருப்பமும் ஒண்டு. வயசையும் முதிர்ச்சியையும் பார்த்துத்தான் அதுக்கு எவ்வளவு மதிப்புக் குடுக்கிறதெண்டு முடிவெடுப்பினம். 15 வயசுப் பிள்ளை ஒரேயடியா மாட்டன் எண்டால் நீதிபதி தள்ளிவிடுறது கஷ்டம். 11 வயசுப் பிள்ளை சொன்னால், ஏன் சொல்றான் எண்டு தோண்டுவினம்.

தோண்டுற வேலையை நீதிபதி பெரும்பாலும் நேரில செய்யிறதில்லை. ஒன்ராறியோவில பிள்ளைகள் வழக்கறிஞர் அலுவலகம் இருக்கு, அதுக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. நீதிபதி கேட்டு, அவையும் ஏற்றுக்கொண்டால், ஒரு சமூக சேவையாளர் பிள்ளையோட தனியாக் கதைச்சு 'பிள்ளையின் குரல்' எண்ட அறிக்கை எழுதுவார். வழக்கமா ரெண்டு தரம் சந்திப்பார்: ஒருக்கா நீங்கள் கூட்டிக்கொண்டு போவீங்கள், மற்றத்தரம் தகப்பன். உங்களோட போகேக்கை ஒண்டும், தகப்பனோட போகேக்கை வேறொண்டும் சொன்னால் அங்கயே தெரிஞ்சிடும். உத்தரவு வந்து 14 நாளுக்குள்ள ரெண்டு பேரும் படிவம் நிரப்பிக் குடுக்கவேணும். பிந்தினால் வழக்கு இழுபடும்.

சொல்லிக்குடுத்துக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. "எனக்கு நிலையான சூழல் வேணும்" எண்டு 11 வயசுப் பெடியன் சொன்னால், அது பெரிய ஆக்களின்ர வாய் எண்டு அவைக்கு உடனே விளங்கும். "அம்மா நைற் ஷிஃப்ட் போனா நான் தனிய, சோறு மைக்ரோவேவில சூடாக்கித் தின்னுறன்" எண்டால் அது பிள்ளையின்ர சொல். அதைக் கேட்டுக் கோவப்படாமல் ஷிஃப்டை மாத்தப் பாருங்கோ.

90களில வந்த எங்கட ஆக்கள் லோயரிட்டைப் போகேக்கை மொழிபெயர்க்கப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போவினம். தாய் தகப்பன்ர சண்டையை அந்தப் பிள்ளைதான் ஒவ்வொரு வசனமா இங்கிலீசில சொல்லவேணும். இப்பவும் அப்பிடிச் செய்யிற ஆக்களைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு முதல் நாளே கேளுங்கோ.

பிள்ளையோட வேற மாகாணத்துக்குக் குடிபெயர நினைச்சால் 60 நாளுக்கு முன்னம் தகப்பனுக்கு எழுத்தில அறிவிக்கவேணும். எதிர்க்க அவருக்கு 30 நாள். சென்னையில சித்தி வீட்டுக்கு லீவில போறதெண்டாலும் தகப்பன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கொண்டுபோங்கோ. வேற நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லுற 1980 ஹேக் உடன்படிக்கையில இந்தியா இல்லை, அதால கோர்ட்டுகள் இதைக் கவனமாப் பார்க்கும்.

பிள்ளை தகப்பனிட்டைப் போய்வாற விமானப் பயணத்தையும் தகப்பனோட செய்யிற ஒப்பந்தத்திலயே எழுதுங்கோ. 8 முதல் 11 வயசுவரை தனியப் போற பிள்ளைக்கு ஏர் கனடாவில ஊழியர் பிள்ளையைக் கவனிக்கிற துணைச்சேவை கட்டாயம், நேரடி விமானத்தில மட்டும். மார்ச் லீவு ரெண்டு மாகாணத்திலயும் ஒரே கிழமையில வரும் எண்டு நம்பாதேங்கோ; ரெண்டு பள்ளிக்கூட நாட்காட்டியையும் பக்கத்தில வைச்சுத் திகதி போடுங்கோ. கல்கரி எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் பின்னால. தகப்பன் அங்க எட்டு மணிக்கு வீடியோவில வந்தால் இங்க பத்து மணி, பெடியன் நித்திரை.