கீசர் காயில் போய்விட்டதா? கணக்கில் எங்கே பிசகியது?

கேள்வி: கீசரில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. கீசர் ஓடாதபோது சாக்கெட்டில் அளந்தேன், 225 வோல்ட். ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் 7.75 ஆம்பியர். கணக்குப் போட்டால் 29 ஓம், 1744 வாட் வருகிறது. காயிலை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற அவசரப்படாதீர்கள். சூத்திரம் சரிதான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். ஆனால் இரண்டு அளவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். நீங்கள் வோல்ட்டை கீசர் நின்றிருந்தபோதும், ஆம்பியரை ஓடும்போதும் எடுத்திருக்கிறீர்கள்.

முதலில் கீசருக்கு எவ்வளவு வரவேண்டும் என்று பார்ப்போம். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் 26.4 ஓம். காயிலை நேரடியாகச் சோதிக்க மெயினை அணைத்து, காயிலின் இரண்டு ஒயரையும் கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வையுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அப்போது காட்டும் 0.3, 0.4 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். 26-ஐ ஒட்டி வந்தால் காயில் நலம். (குண்டு பல்பில் இப்படி அளந்து ஏமாறாதீர்கள். 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கீசர் காயிலின் நிக்ரோம் கம்பியில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு.)

காயில் 26.45 ஓம் என்றால், 7.75 ஆம்பியர் ஓட அதன் முனையில் 205 வோல்ட் இருந்தாலே போதும். அப்படியானால் கீசருக்குக் கிடைப்பது 1589 வாட்தான். 225-இல் மீதி 20 வோல்ட் வழியிலேயே விழுகிறது. 20 × 7.75 = 155 வாட் வழியில் சூடாகிறது. ஈயத்தை உருக்கும் சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தச் சூடு முழுவதும் ஒரே இணைப்பில் இறங்கினால் அது கருகும், தீயும் பிடிக்கலாம்.

நல்ல ஒயரில் இவ்வளவு விழாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக வர 40 மீட்டர் என்றாலும் 0.3 ஓம்தான்; இந்த மின்னோட்டத்துக்கு இரண்டரை வோல்ட்கூட விழாது.

எனவே கீசர் ஓடும்போதே மெயின் போர்டிலும், கீசர் முனையிலும் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். மின்சாரம் பாயும் இடம் என்பதால் இதை எலக்ட்ரீஷியனே செய்யட்டும். மெயின் போர்டிலேயே 206 என்றால் கோளாறு வெளி லைனிலோ சர்வீஸ் ஒயரிலோ இருக்கிறது. மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். அங்கே 222, கீசரில் 205 என்றால் உள்ளேதான் பிழை. நியூட்ரல் இணைப்பு, எம்.சி.பி (மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) திருகு, பிளக் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிளக்கின் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகியிருக்கும்.

அப்படி இருந்தால் திருகை இறுக்கிவிட்டு விடக்கூடாது. கருகிய முனையை வெட்டி, பளிச்சென்று செம்பு தெரியும் இடத்திலிருந்து புதிதாகச் சீவி, 16 ஆம்பியர் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால் புதுப் பிளக்கும் அதேபோல் கருகும். அதுவரை கீசரைப் போட வேண்டாம்.