தோள்பட்டை வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் உண்டா?

உண்டு. வலது தோள் இறுகிப்போய் ஒன்றரை வருடம் அவதிப்பட்டு மீண்டவள் நான். ஊர் பாலக்கோடு பக்கம்.

எனக்கு வலி முதலில் தெரிந்தது களி கிண்டும்போது. துடுப்பை அழுத்திக் கிளறினால் தோள் முனையில் சுரீரென்று இழுத்தது. தக்காளிக் கூடை தூக்கியதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் சடை பின்னக் கை போகவில்லை, மகள்தான் பின்னிவிட்டாள். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போயிற்று.

சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் போனோம். கையை முறுக்கி இழுத்தார், வலி இரட்டிப்பானது. பயந்துபோய் துண்டில் தூளி கட்டி மூன்று வாரம் கையை அசைக்கவே இல்லை. இழுத்ததைவிட இதுதான் பெரிய தப்பு. தோள் இன்னும் இறுகிவிட்டது.

கடைசியில் தர்மபுரியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். "நீங்க தூக்க வேண்டாம்மா, கையைத் தளர விடுங்க, நான் தூக்கறேன்" என்றார். அவர் தூக்கியும் கை தோள் மட்டத்தைத் தாண்டவில்லை. தசைநாரில் மட்டும் கோளாறு என்றால் நம்மால் தூக்க முடியாவிட்டாலும் பெரும்பாலும் அடுத்தவர் தூக்கினால் கை போகும்; யார் தூக்கினாலும் போகாவிட்டால் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கியிருக்கலாம் என்று விளக்கினார். ஃப்ரோசன் ஷோல்டர் என்பது இதைத்தான். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம் வருமாம். எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்கு எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

பயிற்சிக்கு முன்னால் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். கை மரத்துப்போகிறவர்கள் சூட்டை முதலில் மற்ற கையால் தொட்டுப் பாருங்கள்.

முதலில் ஊசல். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைக் கிணற்றுக் கயிறு போலத் தொங்கவிட வேண்டும். கையை ஆட்டக் கூடாது. உடம்பை மெல்ல அசைத்தால் கை தானாக ஆடும். முன்பின், பக்கவாட்டில், சின்ன வட்டம், ஒவ்வொன்றும் பத்து முறை. இதற்கு காட்மேன் என்ற பாஸ்டன் மருத்துவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்; ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரை 1934-ல் கொடுத்தவரும் அவர்தான்.

அடுத்தது கோல். இந்த நோயில் கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் முக்கியமாகப் பறிபோகும். தொரட்டிக் கோலில் மூன்றடித் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கையும் விலாவை ஒட்டி மடங்கியிருக்க, கோலை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளியே தள்ளுவேன். முழங்கை விலாவை விட்டு விலகினால் பலன் இல்லை.

மூன்றாவது, சுவரில் விரல் நடை. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறி, இழுக்கிற இடத்தில் பத்து எண்ணி, விரலாலேயே இறங்க வேண்டும். சமையலறைச் சுவரில் ஞாயிறுதோறும் பென்சிலால் கோடு போட்டேன். முதல் கோடு என் வாய் உயரம். நான்கு வாரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன, அழுகை வந்தது. ஐந்தாவது வாரம் ஒரு விரற்கடை ஏறியது. காலண்டர் ஆணியைத் தொட எட்டு மாதம் ஆனது.

காலை, மாலை செய்தேன். இழுக்கிற வலி சரி. மறுநாளும் வலி தங்கினால் பாதியாகக் குறையுங்கள்.

விழுந்து அடிபட்டு கை தூக்க முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு தோள் வீங்கினாலோ பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நாற்பது தாண்டியவர் என்றால், பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.