சவரம், கழுத்துப் பருக்கள், ‘இயற்கை’ என்ற முத்திரை: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோட்டில் தனியார் வங்கி ஒன்றில் வேலை. தினமும் முகச் சவரம் செய்துகொண்டுதான் போக வேண்டும். கழுத்திலும் தாடைக்குக் கீழும் சிவந்த பருக்கள் வந்தபடியே இருக்கின்றன. இறைச்சி, பால் இரண்டையும் விட்டு ஓராண்டு ஆகிறது. முகத்தில் பூசுபவையும் எந்த உயிரையும் வதைக்காதவையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கடையில் கேட்டால் ‘ஹெர்பல்’ என்று எழுதியதை எடுத்துக் கொடுக்கிறார்கள். எதை நம்பி வாங்குவது? வீட்டில் உள்ள பயத்தம்மாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய், படிகாரம் ஆகியவை போதுமா?

பதில்: கழுத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களை வருத்துவது அதுதான்; அதைச் சரிசெய்யப் பெரிதாகச் செலவும் இல்லை.

நீங்கள் விவரிப்பவை பெரும்பாலும் முகப்பருக்கள் அல்ல. மழித்த முடி மீண்டும் வளரும்போது நேராக வெளியே வராமல், வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்வதால் வரும் வீக்கம். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். மூன்று, ஐந்து பிளேடுகள் கொண்ட ரேசர்கள் இதைக் கூட்டுகின்றன. முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கிறது, அடுத்தது வெட்டுகிறது; வெட்டுப்பட்ட முனை தோல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தொட்டால் வழவழப்பாக இருக்கும். ஆனால் இரண்டு நாளில் அந்தக் கூரான முனை தோலைக் குத்தத் தொடங்கும். உடல் அதை வெளியிலிருந்து நுழைந்த முள்ளாகவே எதிர்க்கிறது. ஆகவே சவரம் செய்யும் முறையை மாற்றாமல் எந்த மூலிகைக் களிம்பைப் பூசினாலும் பருக்கள் திரும்ப வரும்.

குளித்து முடித்த பிறகு, முடி நனைந்து மென்மையாக இருக்கும்போது சவரம் செய்யுங்கள். கழுத்தில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. சவரம் செய்யாத ஒரு விடுமுறை நாளில் விரலால் தடவி, எங்கே மேல்நோக்கி, எங்கே பக்கவாட்டில் வளர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போக்கிலேயே ரேசரை இழுக்க வேண்டும். எதிர்த்து இழுக்கக் கூடாது. தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஒற்றை பிளேடு ரேசர் போதும், அது மலிவும்கூட. அழுத்தாமல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாமல் முடித்துக்கொள்ளுங்கள். அலுவலகம் அனுமதித்தால், ஒரு மில்லிமீட்டர் முடியை விட்டுவிடும் டிரிம்மர் இதைவிட நல்லது. பருக்கள் மிகுதியாக இருந்தால் ஒரு மாதம் பிளேடையே தொடாமல் டிரிம்மரோடு நிறுத்துங்கள். உள்ளே மாட்டிய முடியைக் கிள்ளிப் பிடுங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தழும்பு அங்கேதான் பிறக்கிறது.

இனி உங்கள் மனத்தை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். ‘இயற்கை’ என்பதும் ‘உயிர்வதை இல்லாதது’ என்பதும் வேறு வேறு. பல இடங்களில் அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. மாட்டுக்கொழுப்பு இயற்கைதான். செம்மறியாட்டு மயிரிலிருந்து எடுக்கும் லனோலின் இயற்கைதான். தேன்மெழுகும் அப்படியே. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் புனுகையே எடுத்துக்கொள்ளுங்கள். புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்து, அதன் சுரப்பியிலிருந்து வழித்தெடுப்பது அது. கஸ்தூரிக்காகக் கஸ்தூரிமான் கொல்லப்பட்டது. பாரம்பரிய ஜவ்வாதிலும் அத்தரிலும் இவை இருந்தன. ஆண்கள் ஆசையோடு பூசிக்கொண்டார்கள். இன்று அதே மணங்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்குகிறார்கள். உங்கள் கொள்கைக்கு அந்தச் செயற்கை மணமே உகந்தது. ‘செயற்கை’ என்ற சொல்லைக் கண்டு ஒதுங்குபவர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அப்பாவி விலங்குகளைக் காப்பாற்றியதில் வேதியியலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே வேதியியலின் பெயரால் கொடுமையும் நடந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரைஸ் 1944-இல் வகுத்த சோதனை முறையில், முயலின் கண்ணில் பொருளை இட்டு, எவ்வளவு புண்ணாகிறது என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். ஷாம்பு, சவர கிரீம் எல்லாம் பல பத்தாண்டுகள் இப்படித்தான் சோதிக்கப்பட்டன. இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுக்களிலேயே எரிச்சலைச் சோதிக்க முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளில் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை 2013-இல் முழுமையாகத் தடை செய்தது. இந்தியா 2014-இல் அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையையும், பின்னர் அதே ஆண்டில் அப்படிச் சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் தடுத்தது. தெற்காசியாவில் முதலில் செய்த நாடு நாம்தான், பெருமைப்படலாம்.

ஆகையால் இந்தியாவில் தயாரான ஒரு முகக் கழுவியின் மீது ‘விலங்குகளில் சோதிக்கப்படவில்லை’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், அது சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. அந்த நிறுவனம் வேறு நாட்டுச் சந்தைக்காக எங்காவது சோதிக்கிறதா? மூலப்பொருள் தருபவர்கள் சோதிக்கிறார்களா? சீனா நீண்ட காலம் இறக்குமதி அழகுப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணப் பொருள்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு அளித்தது. பன்னாட்டு நிறுவனங்கள் பல சிக்கியது இந்த இடத்தில்தான்.

சோதனை இல்லை என்பதற்கு அடையாளமாகப் பெட்டிகளில் அச்சிடும் முயல் படங்களிலும் வேறுபாடு உண்டு. ‘லீப்பிங் பன்னி’ சான்று, மூலப்பொருள் தருபவர்கள்வரை கண்காணிக்கச் சொல்கிறது. வெளியார் தணிக்கைக்கும் நிறுவனம் உடன்பட வேண்டும். ‘பீட்டா’ அமைப்பின் பட்டியல் பெரும்பாலும் நிறுவனம் எழுதித்தரும் உறுதிமொழியை அடிப்படையாகக் கொண்டது. இவை இரண்டிலும் சேராத, யாரோ வரைந்த முயலும் பெட்டிகளில் துள்ளுகிறது. அந்த அமைப்புகளின் இணையப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சோதனை இல்லை என்ற சான்று பெற்ற பொருளிலும் தேன்மெழுகோ லனோலினோ இருக்கலாம். அவையும் கூடாது என்றால் ‘வீகன்’ என்ற குறிப்பைத் தனியாகத் தேட வேண்டும்.

ஆண்கள் பயன்படுத்தும் பொருள்களில் விலங்கு எங்கே ஒளிந்திருக்கிறது? சோப்பு உறையில் ‘சோடியம் டாலோவேட்’ என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு. ‘சோடியம் பாமேட்’ என்றால் பனை வகை எண்ணெய். மீசை மெழுகிலும் தாடிக் களிம்பிலும் தேன்மெழுகு இருப்பது வழக்கம். சில ரேசர்களின் தலையில் இருக்கும் வழுக்குப் பட்டையில் லனோலின் உண்டு. சவர கிரீமின் உடலே ஸ்டியரிக் அமிலம்தான். அது பாமாயிலிலிருந்தும் வரலாம், மாட்டுக்கொழுப்பிலிருந்தும் வரலாம். உறையைப் பார்த்து அறிய வழியில்லை. நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ஒரே வரியில் கேளுங்கள்: உங்கள் ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் தாவரத்திலிருந்து வந்தவையா? தெளிவாகப் பதில் சொல்பவர்களிடம் வாங்குங்கள்.

பிரஷ்தான் எல்லாவற்றிலும் மோசம். விலை உயர்ந்த சவர பிரஷ்கள் ‘பேட்ஜர்’ என்னும் விலங்கின் மயிரால் ஆனவை. அந்த மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. மலிவான சிலவற்றில் பன்றி மயிர். செயற்கை இழை பிரஷ் இன்று இரண்டுக்கும் குறையாமல் நுரை தருகிறது, சீக்கிரம் உலர்கிறது. இருப்பதை மாற்றுவதென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

வீட்டுப் பொருள்களுக்கு வருவோம். பயத்தம்மாவை நான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். சாதாரண சோப்பின் காரத்தன்மை பி.எச். 9-க்கும் 10-க்கும் இடையில். தோலின் இயல்பு 5-ஐ ஒட்டிய மென்மையான அமிலத்தன்மை. காலை, மாலை சோப்பால் தேய்க்கும் முகம் வறண்டு எரிவதில் வியப்பில்லை. நன்றாகச் சலித்த மாவைக் கையில் குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவுங்கள். மாவை உலர்ந்ததாகவே வைத்திருந்து, அன்றன்றைக்குக் குழைக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்த விழுது நம் வெயிலில் ஒரே நாளில் கிருமிகளுக்கு விருந்தாகிவிடும். பதப்படுத்தும் பொருளே இல்லாத கிரீம் என்று யாராவது பெருமையாக விற்றால் அதனால்தான் நான் வாங்க மாட்டேன்.

கற்றாழை சவரத்துக்குப் பின் எரிச்சலைத் தணிக்கும். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுதும் வடியவிட்டு, கழுவிய பிறகே உள்ளிருக்கும் சோற்றை எடுக்க வேண்டும். அந்தப் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும். மஞ்சளைப் புதிதாகச் சவரம் செய்த தோலில் பூச வேண்டாம். சிலருக்கு ஒவ்வாமை வரும், வெள்ளைச் சட்டையின் காலரும் போகும். எலுமிச்சைச் சாறு முகத்துக்கு வேண்டவே வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

படிகாரம் நல்லது, அது கனிமம், எந்த விலங்குக்கும் அதில் தொடர்பில்லை. சிறு வெட்டில் இரத்தத்தை உடனே நிறுத்தும். ஆனால் முகம் முழுக்கத் தினமும் தேய்த்தால் தோல் வறளும். வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டுக் கழுவிவிடுங்கள். சலூனில் எல்லோர் முகத்திலும் தேய்க்கும் ஒரே கல்லை உங்கள் முகத்தில் வைக்க விடாதீர்கள். மற்றவரின் இரத்தம் பட்ட கல் அது. சொந்தமாக ஒரு கல் சில ரூபாய்தான். பிளேடையும் கண்ணெதிரே புதிதாக மாற்றச் சொல்லுங்கள், நம் ஊர்ச் சலூன்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

தேங்காய் எண்ணெய் வறண்ட கைகால்களுக்கு அருமை. முகத்தில், அதுவும் எண்ணெய் வழியும் முகத்தில், துளைகளை அடைத்துப் பருவை வளர்க்கும். தாடி வைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாடிக்குள் செதில் உதிர்ந்து அரித்தால் அது வறட்சி என்று நினைத்து எண்ணெயை ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் அது பொடுகு. அதற்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்றே வளர்கிறது. எண்ணெய் அதற்கு உணவு.

புதிதாக எதை வாங்கினாலும், வேப்பெண்ணெயோ விலை உயர்ந்த ஜெல்லோ, முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தினமும் இரண்டு வேளை தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். வெயிலுக்கு எந்த எண்ணெயும் காப்பு ஆகாது. துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் வேண்டும்.

‘மூலிகை’ என்ற பெயரில் விற்கும் சிவப்பழகுக் கிரீம்களை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். தயாரிப்பாளர் பெயரோ மூலப்பொருள் பட்டியலோ இல்லாத டப்பாக்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பூசிய சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகிறது என்றால் மகிழ வேண்டாம், நிறுத்துங்கள்.

இரண்டு மாதம் முறையை மாற்றியும் கழுத்துப் பருக்கள் குறையாவிட்டாலோ, சீழ் வைத்தாலோ, தழும்பு தடித்து வளர்ந்தாலோ, தாடியில் வட்டமாக முடி கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். அவர் எழுதும் மருந்து விலங்குகளில் சோதிக்கப்பட்டதாகவே இருக்கும். மேலே சொன்ன தடை அழகுப் பொருள்களுக்கு மட்டும் உரியது, மருந்துகளுக்கு அல்ல. அதற்காக மருந்தை மறுத்து நோயை முற்றவிடாதீர்கள். விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆன மாத்திரை உறையோ களிம்பில் லனோலினோ வேண்டாம் என்றால் மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பல நேரங்களில் மாற்று கிடைக்கும்.